சம்பளப் படித்தரங்கள்: தக்தீரா? அநியாயமா?

  

  

இரண்டு வாரத்துக்கு முன்னால் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறார். சம்பளம் 38,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு முன்னால் அதே பிரிவுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அதே வேலை, அதே பதவி. அவருக்கு வேலை கற்றுக் கொடுத்ததே இந்தத் தம்பிதான். ஒரு நாள் பிரிண்டரில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தால், புதியவருடைய சம்பளம் 50,000. அன்றிலிருந்து தூக்கம் இல்லை என்கிறார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஹஜ்ரத், இது அல்லாஹ் எனக்கு விதித்த ரிஸ்க்கா, இல்லை எனக்குச் செய்யப்பட்ட அநியாயமா? தக்தீர் என்றால் நான் ஸப்ரு செய்கிறேன். அநியாயம் என்றால் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."

அந்த இடத்தில் "பொறுமையாக இருங்கள் தம்பி, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குச் சுலபம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதற்கு ஷரீஅத்தில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஏனென்றால் இந்த சஃப்புகளில் சம்பளம் வாங்குபவர்களும் இருக்கிறீர்கள், சம்பளம் கொடுக்கும் முதலாளிகளும் இருக்கிறீர்கள்.

முதலில், விஷயம் எப்படி நடக்கிறது என்று எனக்கே தெரியாது. கம்பெனிகளில் ஆட்களை எடுக்கும் எச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கும் நம் மஹல்லாச் சகோதரர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டேன். அவர் விளக்கியதைச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகளில் ஒவ்வொரு வேலையையும் ஒரு படித்தரத்தில், அதாவது கிரேடில் வைப்பார்கள். ஒவ்வொரு கிரேடுக்கும் கீழ் எல்லை, நடு, மேல் எல்லை என்று ஒரு வரம்பு இருக்கும். உதாரணத்துக்கு ஒரு கிரேடுக்கு 35,000-இலிருந்து 60,000 வரை. அப்போதுதான் வேலையைக் கற்றுக்கொள்பவர் கீழே இருப்பார். வேலையை நன்றாகச் செய்பவர் நடுப்பகுதிக்கு வருவார். நீண்ட அனுபவமும் கூடுதல் திறமையும் உள்ளவர் மேல் பகுதியில் இருப்பார். மேல் எல்லையைத் தொட்டுவிட்டால் அடுத்த கிரேடுக்கு உயர்ந்தால்தான் சம்பளம் ஏறும். ஆக, ஒரே கிரேடில் இருவருக்கு இரண்டு சம்பளம் இருப்பதே தவறு அல்ல.

அப்படியென்றால் இந்தத் தம்பி ஏன் கீழே கிடக்கிறார்? அவர் சேர்ந்தபோது குறைந்த சம்பளத்தில் சேர்ந்தார். வருடா வருடம் அந்தக் குறைந்த தொகையின் மேல் ஐந்து சதவீதம், ஆறு சதவீதம் ஏறியது. இதற்கிடையில் வெளியே சந்தையில் அந்த வேலைக்கான மதிப்பு வேகமாக ஏறிவிட்டது. புதிய ஆள் வேண்டுமென்றால் சந்தை விலை கொடுத்தாக வேண்டும், கொடுத்தார்கள். உள்ளே இருப்பவர் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை. இனிமேல் இருவருக்கும் சமமாக ஆறு சதவீதம் போட்டாலும், இவருக்கு 2,280 ஏறும், அவருக்கு 3,000 ஏறும். 12,000 ஆக இருந்த இடைவெளி அடுத்த வருடம் 12,720 ஆகும். சதவீதம் சமம், இடைவெளி மட்டும் வளர்ந்துகொண்டே போகும். பழைய ஆளின் விசுவாசமே அவருக்கு நஷ்டமாகிறது.

இப்போது ஷரீஅத் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஏற்றத்தாழ்வு அல்லாஹ்வின் ஏற்பாடு

மக்கா காஃபிர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தக் குர்ஆன் மக்கா, தாயிஃப் ஆகிய இரண்டு ஊர்களில் இருக்கும் பெரிய மனிதர் ஒருவருக்கு இறங்கியிருக்கக் கூடாதா என்றார்கள். அவர்களிடத்தில் பெரிய மனிதர் என்றால் பணக்காரர். அதற்குப் பதிலாகத்தான் ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 32-வது வசனம் வருகிறது. இவ்வுலக வாழ்வில் மனிதர்களின் வாழ்வாதாரத்தை நாமே அவர்களிடையே பங்கிட்டோம், சிலரைச் சிலரைவிடப் படித்தரங்களில் உயர்த்தினோம், ஒருவர் மற்றவரிடம் வேலை வாங்கிக்கொள்வதற்காக என்ற கருத்தை அல்லாஹ் சொல்கிறான். உம் ரப்பின் ரஹ்மத் அவர்கள் சேர்த்து வைப்பதைவிடச் சிறந்தது என்று வசனத்தை முடிக்கிறான்.

கவனியுங்கள், அங்கே வரும் சொல் 'தரஜாத்'. இன்றைக்குக் கிரேடு என்கிறோமே, அரபியில் அதற்கு தரஜா என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த சொல் 'ஸுக்ரிய்யா'. ஒருவர் மற்றவரை வேலைக்கு அமர்த்துவது என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தருகிறார்கள். கேலி செய்வது என்ற பொருள் இங்கே இல்லை என்றும் சொல்கிறார்கள். மருத்துவருக்கு ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்பவர் வேண்டும், அவருக்கு மருத்துவர் வேண்டும். படித்தரம் இருப்பது ஒருவருக்கொருவர் பயன்படுவதற்கு. உயர்ந்த தரஜாவில் இருப்பவர் தாழ்ந்த தரஜாவில் இருப்பவரை அற்பமாகப் பார்ப்பதற்கு அல்ல. அந்த வசனம் இறங்கியதே பணத்தை வைத்து மனிதனை அளந்தவர்களுக்கு மறுப்பாகத்தான்.

ஆக, 50,000 ஒருவருக்கும் 38,000 இன்னொருவருக்கும் என்பதை மட்டும் வைத்து அநியாயம் என்று சொல்ல முடியாது. காரணம் என்ன, அந்தக் காரணம் வெளிச்சத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு நமக்கு முன்மாதிரி உமர் (ரலி) அவர்களின் தீவான்.

உமர் (ரலி) அவர்கள் போட்ட படித்தரம்

அபூஹுரைரா (ரலி) பஹ்ரைனிலிருந்து ஐந்து லட்சம் திர்ஹம் கொண்டு வந்தார்கள். எவ்வளவு என்று உமர் (ரலி) கேட்டார்கள். ஐந்து லட்சம் என்றதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. நீர் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறீர், போய்த் தூங்கிவிட்டுக் காலையில் வாரும் என்று அனுப்பினார்கள். காலையிலும் அதே பதில். அப்போதுதான் இவ்வளவு பணத்தை எண்ணிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா என்ற பேச்சு வந்தது. பதிவேடு வைக்கலாம் என்ற ஆலோசனை எழுந்தது. தீவான் என்ற பதிவேடு உருவானது. யார் பெயரை முதலில் எழுதுவது என்று வந்தபோது, அமீருல் முஃமினீன் பெயரிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். உமர் (ரலி) மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தாரிலிருந்து தொடங்குங்கள், நெருங்கியவர், அதற்கடுத்தவர் என்று எழுதுங்கள், உமரை அல்லாஹ் எங்கே வைத்தானோ அங்கே வையுங்கள் என்றார்கள். தனக்கான கிரேடைத் தானே மேலே போட்டுக்கொள்ளாத ஒரு தலைவர்!

பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களுக்கு ஐயாயிரம் என்று வைத்தார்கள். ஆரம்பகால முஹாஜிர்களுக்கு நாலாயிரம் என்று வைத்தார்கள். இரண்டும் புகாரீயில் வருகிற செய்திகள். தம் மகன் அப்துல்லாஹ் இப்னு உமருக்கு மட்டும் மூவாயிரத்து ஐநூறு. மக்கள் கேட்டார்கள்: அவரும் முஹாஜிர்தானே, ஏன் நாலாயிரத்திலிருந்து குறைத்தீர்கள்? உமர் (ரலி) சொன்ன காரணம், அவரை அவருடைய பெற்றோர்தான் ஹிஜ்ரத்துக்குக் கூட்டி வந்தார்கள், தானே கிளம்பி வந்தவரைப் போல அவர் ஆக மாட்டார் என்பது.

இந்த ஒரு சம்பவத்தில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். நாலாயிரம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் கேட்க முடிந்தது. கேட்டவரை யாரும் அதட்டவில்லை. ஆட்சித் தலைவர் ஒரு காரணம் சொன்னார், அந்தக் காரணம் தொகையோடு பொருந்தியது. இன்றைக்கு எத்தனை இடத்தில் முதலாளியின் மகன் படிப்பை முடித்த மறுநாளே எல்லாரையும்விட உயர்ந்த நாற்காலியில் உட்காருகிறான்! உமர் (ரலி) மகனுக்கு ஒரு படி குறைத்து வைத்தார்கள்.

அந்தத் தீவானில் ஒரு தவறும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு உதவித்தொகை தொடங்கியபோது, பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் கொடுப்பது என்று விதி வைத்தார்கள். ஒரு இரவு ரோந்து போகும்போது ஒரு குழந்தை விடாமல் அழுகிற சத்தம். தாயிடம் போய்க் குழந்தையைக் கவனியும் என்கிறார்கள். திரும்பி வந்தால் மீண்டும் அழுகை. மூன்றாவது முறை கேட்டபோது அந்தத் தாய், வந்திருப்பது கலீஃபா என்று தெரியாமல், உமர் பால் மறந்த பிள்ளைக்குத்தான் பணம் கொடுக்கிறார், அதனால் சீக்கிரம் மறக்கடிக்கிறேன் என்று சொன்னாள். அன்று ஃபஜ்ரில் உமர் (ரலி) ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை, அவ்வளவு அழுகை. உமருக்குக் கேடுதான், எத்தனை முஸ்லிம் குழந்தைகளைக் கொன்றேனோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். உடனே அறிவிப்பு: பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு, யாரும் அவசரமாகப் பால் மறக்கடிக்காதீர்கள்.

சம்பள விதி போடுபவர் அறையில் உட்கார்ந்து ஒரு வரி எழுதுகிறார். அந்த வரி எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையை அழ வைக்கிறது. வெளியே இறங்கிப் போய்க் கேட்டவருக்குத்தான் அது தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. படித்தரம் வைப்பதில் எல்லா ஸஹாபாக்களும் ஒரே கருத்தில் இல்லை. அபூபக்ர் (ரலி) எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தார்கள். முன்னால் இஸ்லாத்துக்கு வந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, அவர்களுடைய முந்துதலுக்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, இது வயிற்றுப் பிழைப்பு, இதில் சமமாக வைப்பதே நல்லது என்றார்கள். அலீ (ரலி) அவர்களும் பின்னர் சமமாகவே கொடுத்தார்கள். உமர் (ரலி) அவர்களே கடைசிக் காலத்தில், அடுத்த வருடம் உயிரோடு இருந்தால் எல்லாரையும் சமமாக்குவேன் என்று சொன்னதாக வருகிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அபூபக்ர் (ரலி) அவர்களின் வழியையும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) உமர் (ரலி) அவர்களின் வழியையும் எடுத்தார்கள் என்று மாவர்தீ (ரஹ்) எழுதுகிறார்கள். இது பைத்துல்மாலிலிருந்து கொடுக்கப்பட்ட மானியத்தைப் பற்றிய பேச்சு, கடைக் கூலியைப் பற்றியது அல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதே மாவர்தீ (ரஹ்) ஹிஜ்ரி 450-இல் வஃபாத்தானவர்கள். படைவீரருக்குச் சம்பளம் நிர்ணயிக்க மூன்றைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவர் காப்பாற்ற வேண்டியவர்கள் எத்தனை பேர், அவர் பராமரிக்கும் குதிரைகள் எத்தனை, அவர் குடியிருக்கும் ஊரில் விலைவாசி கூடுதலா குறைவா. பிறகு ஒவ்வொரு வருடமும் அவர் நிலையைப் பார்த்துத் தேவை கூடியிருந்தால் கூட்ட வேண்டும் என்கிறார்கள். இன்றைக்கு ஊருக்கு ஊர் வேறுபடும் வீட்டு வாடகைப்படி, அகவிலைப்படி, வருடாந்திர மறுபார்வை என்று பேசுகிறோமே, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய இந்த மாதிரிக் கித்தாப்களில் அது இருக்கிறது. ஓதும்போது கண்ணில் படவில்லை, இப்போதுதான் படுகிறது.

நம் நாட்டு அரசாங்கச் சம்பள முறையையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணை 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 18 நிலைகள். முதல் நிலை 18,000-இல் தொடங்கி 56,900-இல் முடிகிறது. உச்சியில் கேபினட் செயலருக்கு 2,50,000. வருடத்துக்கு மூன்று சதவீதம் என்று கட்டம் கட்டமாக ஏறும்: 18,000, 18,500, 19,100 என்று. கடைநிலை ஊழியர் முதல் பெரிய அதிகாரி வரை, தான் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம், பத்து வருடம் கழித்து எங்கே நிற்போம் என்று பார்த்துக்கொள்ளலாம். எத்தனையோ குறைகள் சொல்லலாம், ஆனால் பிரிண்டரில் கிடந்த காகிதத்தைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டிய நிலை அங்கே இல்லை. குறை எங்கே என்றால், அந்த அட்டவணைக்கு வெளியே ஒப்பந்தத்தில் அதே வேலையைச் செய்பவர்களிடம். சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ரண்தீர் சிங் வழக்கில் பேசியது. 2016-இல் பஞ்சாப் வழக்கில், நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்த ஊதிய விகிதத்தின் ஆரம்பத் தொகையாவது கொடுக்க வேண்டும் என்று சொன்னது. கோர்ட்டு சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்பது வேறு விஷயம்.

இருட்டில் வைப்பதுதான் அநியாயம்

கூலி இவ்வளவு என்று தெளிவுபடுத்தாமல் கூலியாளை அமர்த்துவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் வருகிறது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸ் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு ஒரு படி முன்னால் இது. கொடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்குப் போன சம்பவத்தைப் பாருங்கள். அந்தப் பெரியவர் வேலைக்குப் பேசும்போது, எட்டு வருடம் நீர் எனக்கு வேலை செய்ய வேண்டும், பத்தாகப் பூர்த்தி செய்தால் அது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்கிறார் (ஸூரத்துல் கஸஸ் 27). கீழ் எல்லை எட்டு, மேல் எல்லை பத்து. இரண்டையும் வாய்விட்டுச் சொல்கிறார். வந்திருப்பவர் யார்? ஊரை விட்டுத் தப்பி வந்த, கையில் ஒன்றுமில்லாத, பசியோடு நிற்கிற மனிதர். என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம் எல்லையை மறைக்கவில்லை. மூஸா (அலை) பத்தையும் பூர்த்தி செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள்.

இப்போது அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேரும்போது கம்பெனிக்காரர் என்ன கேட்பார்? "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" கேட்பவர் மேஜைக்குள் 35-இலிருந்து 60 என்று எழுதி வைத்திருக்கிறார். வருகிற பையனுக்கு அது தெரியாது. வீட்டில் கஷ்டம், வேலை கை நழுவிவிடக் கூடாது என்ற பயம். "35 கிடைத்தால் போதும் சார்" என்கிறான். "ஓகே" என்று கையைக் குலுக்கிவிடுகிறார். பையனுக்கு அப்போது சந்தோஷம்தான். அல்லாஹ் கொடுத்தான் என்று இரண்டு ரக்அத் ஷுக்ரு தொழுதிருப்பான்.

இதற்கு ஹதீஸில் ஒரு உதாரணம் இருக்கிறது. கிராமத்திலிருந்து சரக்குக் கொண்டு வருகிற வியாபாரிகளை, அவர்கள் சந்தைக்கு வந்து சேரும் முன்பே ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போய் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்த பிறகு அவருக்கு முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றும் சொன்னார்கள் (முஸ்லிம்). ஏன்? அவருக்குச் சந்தை விலை தெரியாது. அவர் மனம் ஒப்பித்தான் விற்றார். பொய் சொல்லி வாங்கவில்லை, கத்தியைக் காட்டி வாங்கவில்லை. ஆனாலும் அந்தத் திருப்தி அறியாமையில் வந்த திருப்தி. அதனால் நபி (ஸல்) அவர்கள் அதை முழுமையான திருப்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஷாஃபிஈ கித்தாப்களிலும் விலையில் ஏமாந்திருந்தால் முறிக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

இந்த ஹதீஸ் சரக்கைப் பற்றியது. சம்பளத்துக்கு அப்படியே ஃபத்வாவாக நான் சொல்லவில்லை. பேசிய கூலி பேசியதுதான், இஜாரா ஒப்பந்தம் கூடிவிடும். ஆனால் வேலை தேடி வருகிற பையனும் ஒரு வகையில் சரக்கோடு ஊருக்கு வெளியே நிற்கிறவன்தானே? அவன் சரக்கு அவனுடைய படிப்பும் உடம்பும் நேரமும். மக்களுக்கு அவர்களுடைய பொருட்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) தம் கூட்டத்தாருக்குச் சொன்னதை அல்லாஹ் குர்ஆனில் மூன்று ஸூராக்களில் எடுத்துச் சொல்கிறான். அதில் தராசுக் குறைவு மட்டும் அடங்கவில்லை.

ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய ஆள் ஒரு குதிரையை முந்நூறுக்குப் பேசி முடித்துவிட்டு, பணம் வாங்கிக்கொள்ளக் குதிரைக்காரரையும் கூட்டி வருகிறார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்தார்கள். உம் குதிரை முந்நூறைவிட மேலானது, நானூறுக்குத் தருகிறீரா என்றார்கள். பிறகு ஐநூறு. இப்படி வாங்குகிறவரே ஏற்றி ஏற்றி எண்ணூறுக்கு வாங்கினார்கள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, எல்லா முஸ்லிமுக்கும் நன்மையையே நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்றார்கள். இதை தப்ரானீ பதிவு செய்திருக்கிறார்கள், நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் கொண்டு வருகிறார்கள். முதலாளிமார்களே, ஜரீர் (ரலி) அளவுக்கு உங்களிடம் கேட்கவில்லை. வரம்பை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் கடையில் நாலு பேர்தான், கிரேடு எதற்கு என்பீர்கள். நாலு பேர் இருக்கிற கடையில்தான் "வேலைக்கு வா, பார்த்துப் போட்டுத் தருகிறேன்" என்ற வார்த்தை அதிகம். அந்த வார்த்தையில்தான் ஃபிக்ஹுடைய பிரச்சினை இருக்கிறது. கூலி தெரியாத ஒப்பந்தம் ஃபாஸித், குறையுள்ளது. வேலை செய்து முடித்துவிட்டால் அஜ்ரத்துல் மிஸ்ல், அதாவது அந்த வேலைக்கு ஊரில் என்ன கூலி உண்டோ அதைக் கொடுத்தாக வேண்டும். முதலாளி மனசுக்குத் தோன்றியதை அல்ல. பெருநாளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தேன், தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்தாயிரம் கொடுத்தேன் என்பதெல்லாம் ஸதகா. ஸதகா கூலியில் கழியாது.

பெண் டீச்சர்கள் விஷயம். "அவங்களுக்குப் புருஷன் சம்பாதிக்கிறார், இவர் குடும்பஸ்தர்" என்று சொல்லி ஒரே வகுப்பு எடுப்பவருக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள், நம் ஆட்கள் நடத்தும் பள்ளிக்கூடங்களிலும் இது உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஃபைஉ பொருளைப் பங்கிடும்போது குடும்பம் உள்ளவருக்கு இரண்டு பங்கும் தனியாளுக்கு ஒரு பங்கும் கொடுத்தார்கள், உண்மைதான் (அபூதாவூத்). அது பொது நிதி. தேவையைப் பார்த்துக் கூட்டிக் கொடுத்தது. தேவை இல்லை என்று சொல்லி ஒருவர் உழைத்த கூலியைக் குறைப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு, பெண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்கு என்ற கருத்தை ஸூரத்துன் னிஸா 32-இல் அல்லாஹ் சொல்கிறான். நாட்டுச் சட்டத்திலும் 1976-இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. வளைகுடாவில் பாஸ்போர்ட்டின் நாட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிறார்கள் என்று நம் பிள்ளைகள் வந்து புலம்புகிறார்கள். அரபிக்கு அஜமியைவிடச் சிறப்பில்லை என்று ஹஜ்ஜத்துல் விதாவின்போது சொல்லப்பட்ட வார்த்தை அந்த மண்ணில்தான் சொல்லப்பட்டது.

சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. சந்தை மதிப்பைக் கூட்டிக் காட்டப் பழைய சம்பளச் சீட்டை மாற்றி அச்சடிப்பது, இல்லாத ஆஃபர் லெட்டரைக் காட்டுவது இதெல்லாம் மோசடி. அதில் வந்த கூடுதல் பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்? "38-க்கு 38 அளவுக்குத்தான் வேலை பார்ப்பேன்" என்று கையைக் கட்டிக்கொள்வதும் கூடாது. ஒப்பந்தத்தில் இருக்கும்வரை வேலை முழுமையாக அமானத். பிடிக்கவில்லை என்றால் முறையாகச் சொல்லிவிட்டு வெளியேறலாம். பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளத்தைத் துருவித் துருவிக் கேட்பதும் அழகல்ல. ஒரு தனி மனிதர் என்ன வாங்குகிறார் என்பது வேறு, ஒரு பதவிக்கு என்ன வரம்பு என்பது வேறு. முதலாவது அவருடைய அந்தரங்கம். இரண்டாவதைத் தெரிந்துகொள்ளக் கேட்பது உங்கள் ஹக்கு.

தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். புதியவர் மேல் பொறாமை கொள்ளாதீர், அவர் உம்மிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. மேலாளரிடம் போய் நாலு கேள்வி கேளும்: என் கிரேடு எது, அதன் வரம்பு என்ன, நான் அதில் எங்கே நிற்கிறேன், ஏன் அங்கே நிற்கிறேன். சண்டை வேண்டாம், புதியவர் பெயரை இழுக்க வேண்டாம். போனார், கேட்டார். கிரேடைச் சொன்னார்கள், வரம்பைச் சொல்லவில்லை. "கம்பெனி பாலிஸி" என்றார்களாம். ஏப்ரலில் பார்ப்போம் என்றார்களாம். இப்போது வேறு இடத்தில் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். துஆ செய்யுங்கள்.

சகோதரர்களே, இதைத் தயார் செய்துகொண்டிருந்தபோது எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. சொல்லாமல் இந்த மிம்பரிலிருந்து இறங்க முடியாது. நம் மக்தப் மதரஸாவில் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாத் வாங்குவது 12,000. போன வருடம் இன்னொரு உஸ்தாத் தேவைப்பட்டது. 12,000-க்கு யாரும் வரவில்லை. 15,000 என்று பேசி ஒருவரை எடுத்தோம். முடிவெடுத்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பழையவருக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கிற ஆள் இல்லை அவர். அந்தத் தம்பியின் கம்பெனி செய்ததைத்தான் அல்லாஹ்வின் வீட்டில் உட்கார்ந்து நாங்களும் செய்திருக்கிறோம். வக்ஃப் வாரியங்கள் இமாம்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எத்தனையோ மேடையில் நாங்கள் பேசியிருக்கிறோம். எங்கள் கையில் இருக்கிற ஒரு பட்டியலை எழுத முப்பது வருடம் ஆகிறது.

இன்று காலை முத்தவல்லி அவர்களிடம் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். இமாம், முஅத்தின், மக்தப் உஸ்தாத், சுத்தம் செய்பவர் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஆரம்பம் எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு ஏறும், எத்தனை வருடத்தில் எங்கே நிற்பார் என்று எழுதியிருக்கிறேன். என் சம்பளமும் அதில் இருக்கிறது. நிர்வாகம் ஒப்புக்கொண்டால், சந்தா பட்டியல் ஒட்டும் அதே பலகையில் அதையும் ஒட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குப் பிறகு கூட்டம். பழைய உஸ்தாதுடைய விடுபட்ட தொகையும் அன்று பேசப்படும். மஹல்லாவாசிகள் வாருங்கள்.

யா அல்லாஹ்! வேலை தேடி அலையும் எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான ரிஸ்கை விசாலமாக்குவாயாக! எங்கள் கைகளில் தங்கியிருக்கும் பிறருடைய கூலியை மஹ்ஷருக்கு முன்பே கொடுத்துத் தீர்க்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன்.